‘வரலாற்றில் இன்று’ பகுதி பற்றி ஒரு வேண்டுகோள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோவில்பட்டி வட்டாரத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாகப் பணியாற்றுகிறேன். தங்கள் நாளிதழின் சிறுவர் பக்கத்தில் நாள்தோறும் வரும் ‘வரலாற்றில் இன்று’ பகுதியைப் பல ஆண்டுகளாகக் காலை வணக்கக் கூட்டத்தில் மாணவர்களைக் கொண்டு வாசிக்கச் செய்து வருகிறேன். திருக்குறளும் பழமொழியும் செய்திகளும் முடிந்தபின் அதற்குக் கிடைப்பது இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தை முன்வைத்தே இதை எழுதுகிறேன்.

சென்ற டிசம்பர் 11 அன்று ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி அப்பகுதியை வாசித்தாள். 1843, ராபர்ட் காக் பிறந்தார்; 1882, மகாகவி பாரதியார் பிறந்தார்; 1882, மாக்ஸ் போர்ன் பிறந்தார்; 1946, யுனிசெஃப் தொடங்கப்பட்டது; 1969, விஸ்வநாதன் ஆனந்த் பிறந்தார்; 1972, அப்போலோ 17 நிலவில் இறங்கியது; 2004, எம்.எஸ். சுப்புலட்சுமி மறைந்தார். ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. எட்டயபுரம் எங்களுக்குப் பக்கத்து ஊர் என்பதால் பாரதியார் பெயருக்கு மட்டும் கைதட்டல் எழுந்தது. வகுப்புக்குப் போன பிறகு ஒரு மாணவன் எழுந்து, “பாரதியார் பொறந்த அன்னைக்கே பொறந்தாரே, அந்த மாக்ஸ் போர்ன் யாரு டீச்சர்?” என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. நாளை சொல்கிறேன் என்று கூறிவிட்டு, அன்று மாலை நூல்களைப் புரட்டித் தெரிந்துகொண்டேன்.

பாரதியார் பிறந்த அதே நாளில், அன்று ஜெர்மனியிலும் இன்று போலந்திலும் உள்ள பிரெஸ்லாவ் நகரில் பிறந்தவர் போர்ன். அவருக்கு நான்கு வயதாக இருக்கும்போது தாயார் இறந்துவிட்டார். பாரதியாரின் தாயார் லட்சுமி அம்மாள் மறைந்தபோது மகனுக்கு ஐந்து வயது. இருவரும் பதின்வயதிலேயே தந்தையையும் இழந்தார்கள். இருவரும் சொந்த ஊரை விட்டு ஆட்சியாளர்களுக்கு அப்பால் போக வேண்டியவர்களும் ஆனார்கள். ‘இந்தியா’ இதழின் எழுத்துகளுக்காகக் கைது செய்யப்படும் நிலை வந்தபோது, பாரதியார் 1908இல் பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்குச் சென்று பத்து ஆண்டுகள் அங்கே வாழ்ந்தார். யூதர் என்ற ஒரே காரணத்தால் 1933இல் ஹிட்லர் அரசு போர்னைக் கோட்டிங்கன் பல்கலைக்கழகப் பதவியிலிருந்து நீக்க, அவர் இங்கிலாந்துக்குப் போனார். அதன் பிறகு, திருச்சிராப்பள்ளியில் பிறந்த நம் சி.வி. இராமன் அழைத்ததன் பேரில், 1935ஆம் ஆண்டின் இறுதியில் பெங்களூரு வந்து சில மாதங்கள் இந்திய அறிவியல் கழகத்தில் பணியாற்றினார் என்று படித்தபோது, அந்த மாணவனின் கேள்வி எவ்வளவு தொலைவுக்கு என்னை அழைத்துச் சென்றிருக்கிறது என்று வியந்தேன். அணுவுக்குள் எலக்ட்ரான் இந்த இடத்தில்தான் இருக்கும் என்று உறுதி கூற முடியாது, எங்கே இருப்பதற்கு எவ்வளவு வாய்ப்பு என்பதையே கணக்கிட முடியும் என்று விளக்கியவர் அவர். அதற்காக 1954இல் நோபல் பரிசு பெற்றார்.

மறுநாள் இதை வகுப்பில் சொன்னபோது பாடவேளை முழுவதும் பிள்ளைகள் அசையாமல் கேட்டார்கள். தாங்கள் அச்சிட்ட ஏழு வரிகளில் தவறு ஏதும் இல்லை. ஆனால் பெயரும் ஆண்டும் மட்டும் தாங்கிய வரியைப் பிள்ளைகள் மதிய உணவுக்குள் மறந்துவிடுகிறார்கள். ஆகவே, ஏழு வரிகளுக்குரிய இடத்தில் ஒரே ஒருவரையோ ஒரே ஒரு நிகழ்ச்சியையோ எடுத்துக்கொண்டு, அவர் யார், என்ன செய்தார், அது எப்படி நடந்தது என்று குழந்தைக்குப் புரியும்படி எழுதுமாறு வேண்டுகிறேன். மற்றவற்றை அடுத்தடுத்த ஆண்டுகளுக்கு வைத்துக்கொள்ளலாம். டிசம்பர் 11 ஆண்டுதோறும் வரத்தானே போகிறது.

அந்த ஒரு நாளிலேயே சொல்வதற்கு எவ்வளவோ இருக்கிறது. ராபர்ட் காக், செய்தித்தாள்களைப் பார்த்தே தாமாக வாசிக்கக் கற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஐந்து வயதில் பெற்றோரை வியப்பில் ஆழ்த்தினாராம். செய்தித்தாளின் சிறுவர் பக்கத்தில் இடம்பெற இதைவிடப் பொருத்தமான செய்தி வேறென்ன வேண்டும்? காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததை அவர் அறிவித்தது, பாரதியார் பிறந்த 1882ஆம் ஆண்டின் மார்ச் 24. உலகக் காசநோய் நாளென்று ஆண்டுதோறும் பள்ளிகளில் உறுதிமொழி எடுக்கிறோமே, அந்நாள்தான் அது. காலராக் கிருமியைத் தேடி அவர் கொல்கத்தாவுக்கே வந்து ஆய்வு நடத்தினார்.

தங்கள் பட்டியலில் விடுபட்ட ஒருவரையும் குறிப்பிட வேண்டும். 1863 டிசம்பர் 11 அன்று அமெரிக்காவில் பிறந்த ஆனி ஜம்ப் கேனன், காது ஏறக்குறைய முழுவதும் கேளாத நிலையில், ஹார்வர்டு வானாய்வகத்தில் அமர்ந்து, ஒளிப்படத் தகடுகளில் பதிந்த நிறமாலைகளைப் பார்த்துப் பார்த்து, சுமார் 3,50,000 விண்மீன்களை வகைப்படுத்தியவர். வானியலாளர்கள் இன்றும் அவர் வகுத்த வரிசையையே பின்பற்றுகிறார்கள். எங்கள் பள்ளியில் காதொலிக் கருவி அணிந்து வரும் மாணவி ஒருத்தி இருக்கிறாள். அவரைப் பற்றி நான் சொன்ன அன்று, அவள் இருமுறை அந்தப் பெயரைக் கேட்டுத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

நாள் என்பதே என்ன என்று கற்றுத்தரவும் இப்பகுதி உதவும். அப்போலோ 17 நிலவில் இறங்கியபோது அமெரிக்காவில் டிசம்பர் 11 பிற்பகல். நம் நாட்டுக் கடிகாரங்களிலோ நள்ளிரவு கடந்து ஒன்றரை மணியை நெருங்கியிருந்தது. நமக்கு அது டிசம்பர் 12. பூமி உருண்டையையும் ஒரு கைவிளக்கையும் வைத்து இதை விளக்கினால் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடப் புரிந்துவிடும். அப்பயணத்தில் நிலவில் நடந்த செர்னன், ஷ்மிட் ஆகிய இருவருக்குப் பின் வேறெந்த மனிதரும் அங்கே கால் பதிக்கவில்லை என்பதையும், ஷ்மிட் பாறைகளைப் படித்த நிலவியலாளர் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். பாரதியாரின் நினைவு நாளிலும் இதே சிக்கல் உண்டு. 1921 செப்டம்பர் 11 என்று பரவலாக அனுசரிக்கப்பட்டாலும், அன்றிரவு நள்ளிரவுக்குப் பின்னரே உயிர் பிரிந்ததால் 12 என்பதே சரி என்று வாதிடுவோர் இருக்கிறார்கள். இத்தகைய ஐயங்களைப் பிள்ளைகளிடம் மறைக்கத் தேவையில்லை.

1946ஐ எடுத்துக்கொண்டாலும் அப்படியே. போரில் சிதைந்த நாடுகளின் குழந்தைகளுக்காக ஐக்கிய நாடுகள் பொதுச் சபை யுனிசெஃப் அமைப்பைத் தொடங்கிய அதே டிசம்பர் 11 அன்று, தில்லியில் நம் அரசியல் நிர்ணய சபை இராஜேந்திர பிரசாத்தைத் தன் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. இரண்டையும் அருகருகே வைத்தால், ஒரே நாளில் உலகம் எத்தனை இடங்களில் புதிதாகத் தொடங்கிக்கொண்டிருந்தது என்று குழந்தைக்கு விளங்கும்.

ஆனந்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைகளுக்கு அவரைத் தெரியும். மயிலாடுதுறையில் பிறந்தவர் என்பதும், சதுரங்கத்தை முதலில் கற்றுக்கொடுத்தவர் அவருடைய தாயார் என்பதும் பலருக்குத் தெரியாது. அவற்றை மட்டும் சொன்னால் போதும்.

இன்னொரு நடைமுறை வேண்டுகோளும் உண்டு. எங்கள் ஊருக்கு நாளிதழ் பேருந்தில்தான் வருகிறது. காலை வணக்கக் கூட்டம் ஒன்பதேகால் மணிக்கு; மழைக் காலத்தில் நாளிதழ் வந்து சேரப் பத்து மணிகூட ஆகிவிடும். அந்நாட்களில் கையில் இருக்கும் முந்தைய நாள் இதழையே வாசிக்க நேர்கிறது. டிசம்பர் மாதம் எங்களுக்கு மழைக் காலம். எனவே ஒவ்வொரு நாளுக்கும் உரிய பகுதியை அதற்கு முதல் நாள் இதழிலேயே ‘வரலாற்றில் நாளை’ என்று வெளியிட்டால், வாசிக்க வேண்டிய மாணவர் அதை வீட்டுக்கு எடுத்துச் சென்று, தெரியாத பெயர்களைக் கேட்டறிந்து, ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு வருவார். வரும் டிசம்பர் 10ஆம் நாள் இதழில் மாக்ஸ் போர்னைப் பற்றி வெளியிட இசைவீர்களானால், அதை வாசிக்க அவரைப் பற்றிக் கேட்ட அதே மாணவன் அணியமாக இருக்கிறான்.

இப்படிக்கு,
ஓர் ஆசிரியை,
கோவில்பட்டி வட்டாரம், தூத்துக்குடி மாவட்டம்.