ஆறெழுத்து

அன்புள்ள குமரேசா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. திட்டாதே. இரவு வேலை முடிந்து வந்தால் பேனாவைப் பிடிக்கும் முன்பே கண் சொருகிவிடுகிறது. மகளுக்கு வேலை கிடைத்ததில் எனக்கும் ரொம்ப மகிழ்ச்சி.

ஊர் எப்படி என்று கேட்டிருந்தாய். அதன் பெயரைச் சொல்வதிலேயே சிக்கல் இருக்கிறதடா.

வட அயர்லாந்தின் தலைநகர் பெல்ஃபாஸ்டிலிருந்து இங்கே பஸ்ஸில் வந்த முதல் நாளே கவனித்தேன். சாலைப் பலகையில் ‘லண்டன்டெரி’ என்று இருந்தது. அதில் ‘லண்டன்’ மேல் மட்டும் பெயிண்ட் அடித்திருந்தார்கள். இன்னொரு பலகையில் அந்த ஆங்கில எழுத்து ஆறையும் சுரண்டியே எடுத்திருந்தார்கள். எவனோ குறும்புக்காரன் வேலை என்று நினைத்தேன். விஷயம் 400 வருடத்துக்கு முந்தையதாம். 1613இல் லண்டன் வணிகச் சங்கங்களின் பணத்தில் பிரிட்டனிலிருந்து ஆட்களைக் குடியேற்றியபோது, டெரி என்ற பழைய பெயருக்கு முன்னால் லண்டனைச் சேர்த்தார்கள். அயர்லாந்து ஒன்றாக வேண்டும் என்பவர்களுக்கு ‘டெரி’. பிரிட்டனோடு இருப்போம் என்பவர்களில் பலருக்கு முழுப்பெயர். நகர மன்றத்தின் பெயரில் இருந்த லண்டனை 1984இல் எடுத்துவிட்டார்கள். நகரத்தின் சட்டப்படியான பெயரில் அது இன்னும் இருக்கிறது.

நான் வேலைக்குப் போகும் வழியில்தான் போக்சைட், ‘டெரி’ என்பவர்களின் குடியிருப்பு. வீடுகளையெல்லாம் இடித்த பிறகும் ஒரே ஒரு பக்கச் சுவர் மட்டும் சாலை நடுவே தனியாக நிற்கிறது. ‘நீங்கள் இப்போது சுதந்திர டெரிக்குள் நுழைகிறீர்கள்’ என்று வெள்ளைச் சுவரில் கறுப்பு எழுத்து. முதலில் எழுதியது 1969 ஜனவரியில். சுற்றிலும் வீட்டுச் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள். அதில் ஒன்றை என்னால் தாண்டிப் போக முடிவதில்லை. இங்கே மோதல் நடந்த காலத்தில், 1971இல் சுடப்பட்டு இறந்த 14 வயதுச் சிறுமி, பள்ளிச் சீருடையில். வரைந்தபோது பக்கத்தில் துப்பாக்கி முழுசாக இருந்ததாம், மேலே வண்ணத்துப்பூச்சிக்கு நிறமே இல்லையாம். அமைதி நிலைக்கும் என்ற நம்பிக்கை வந்த பிறகு, 2006இல், ஓவியர்கள் திரும்பி வந்து துப்பாக்கியை உடைத்து வரைந்து பூச்சிக்கு நிறம் கொடுத்திருக்கிறார்கள். அவளுக்கு மட்டும் அதே 14 வயது.

அங்கிருந்து கொஞ்சம் நடந்து கோட்டைச் சுவரைத் தாண்டினால் ஃபவுண்டன் குடியிருப்பு, பிரிட்டனோடு இருப்போம் என்பவர்களுடையது. நடைபாதை ஓரக்கல் எல்லாம் பிரிட்டிஷ் கொடியின் சிவப்பு, வெள்ளை, நீலம். ‘லண்டன்டெரி மேற்குக் கரையின் பிரிட்டன் விசுவாசிகள் இன்னும் முற்றுகைக்குள். சரணடைய மாட்டோம்’ என்று சுவர் சொல்கிறது. 1689இல் கத்தோலிக்க மன்னர் ஜேம்ஸின் படை இந்த ஊரை வளைத்து 105 நாள் நடத்திய முற்றுகை அது. ‘இன்னும்’ என்ற சொல்லைப் பார். பழைய சண்டையை விடமாட்டேன் என்கிறார்களே என்று முதலில் எரிச்சல் வந்தது. பிறகு அந்தத் தெருவில் நடந்து பார்த்தேன். ஆற்றுக்கு இந்தப் பக்கம் அவர்களில் மிஞ்சியிருப்பது சில தெருக்கள்தான். பயம் அப்படி எழுதவைக்கும் என்று தோன்றியது.

ஆனால் என்னைப் பிடித்து ஆட்டுவது அந்த அழித்த ஆறெழுத்துதான். சுவரோவியம் வரைய ஆள் வேண்டும், சாரம் வேண்டும், ஓவியம் தெரிய வேண்டும். இதற்கு ஒரு டப்பா பெயிண்டும் இருட்டும் போதும். ஆட்கள் வந்து புதுப் பலகை வைத்தாலும் கொஞ்ச நாளில் லண்டன் காணாமல் போய்விடும்!

புதிதாக அறிமுகமாகிறவர்கள் எங்கே இருக்கிறாய் என்று கேட்டால் “இங்கேதான், பக்கத்தில்” என்று மழுப்பப் பழகிவிட்டேன். சிரிக்காதே, நீயும் அதைத்தான் செய்வாய்.

உறையில் என் முகவரியைப் பார்த்திருப்பாய். ஊர்ப்பெயர் விட்டுப்போயிற்று என்று நினைக்காதே. வீட்டு எண்ணும் அஞ்சல் குறியீடும் எழுது, தபால்காரர் கொண்டுவந்து கொடுத்துவிடுவார்.

அன்புடன்,
ராஜா