பசளை மூடையும் விஞ்ஞானப் பாடமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சா/த (சாதாரண தரம்) பெறுபேறு வந்தால் போதும், விஞ்ஞானத்தில் எத்தனை பேர் சித்தி என்று எல்லாரும் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். நானும் முப்பது வருடமாக அந்தக் கணக்கைத்தான் பார்த்தேன். இப்போது ஓய்வில் இருக்கிறேன், ஒன்றைச் சொல்லிவிடலாம் என்று எழுதுகிறேன்.

2022 தொடக்கத்தில், நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால், தரம் 11க்கு நைதரசன் வட்டம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். வெளியே பெரும்போக நெல் அறுவடை. நாவிதன்வெளிப் பக்கத்துப் பையன் ஒருவன் எழும்பி, "சேர், இந்தமுறை எங்கட வட்டையில விளைச்சல் ஏன் இவ்வளவு குறைஞ்சது?" என்று கேட்டான். "அது சோதனைப் பேப்பரில வராது, இரு" என்றேன். வகுப்பு சிரித்தது. பாடமும் முடிந்தது.

அன்று இரவுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். யூரியாவில் நைதரசன் 46 வீதம், ஆக 50 கிலோ மூடையில் 23 கிலோ. கூட்டெருவில் நைதரசன் ஒன்று இரண்டு வீதம் இருந்தாலே பெரிய காரியம், அதனால் அந்த ஒரு மூடைக்கு ஈடு செய்ய ஒரு தொன்னுக்கு மேல், சிலவேளை இரண்டு தொன்னுக்கும் மேல் வேண்டும். அது உக்கிப் பயிருக்குச் சேர எடுக்கும் காலம் வேறு. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்து, அதே வருடம் நவம்பரில் தடையை எடுத்தார்களே, அந்த ஆறு ஏழு மாதத்துக்குள் இத்தனை எருவை எங்கே செய்வது, எந்த லொறியில் ஏற்றுவது? தரம் 11 பிள்ளைக்கு விளங்காத கணக்கா இது? யூரியாதான் நல்லது, சேதனப் பசளை கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. மண்ணைக் கெடுத்தது நாங்களும்தான். ஆனால் பசளையால் என்று சொல்லப்பட்ட சிறுநீரக நோய், டொலர் தட்டுப்பாடு, வயல்காரனின் கடன் என்று எல்லாம் ஒரே மூடைக்குள் கிடந்த நேரத்தில் நான் கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக்கொண்டிருந்தேன்.

அம்பாறைக் கரையோரத்து ஒலுவிலிலும் அப்படித்தான். 2013இல் துறைமுகத்தைத் திறந்தார்கள். (உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு தொடங்கியதும் அதே வருடம்தான், பாருங்கள்.) அலை சரிவாக வந்து அடிக்கும் கரையில் மணல் கரையோடு நகர்ந்துகொண்டே இருக்கும், குறுக்கே கல்லணை போட்டால் ஒரு பக்கம் மணல் சேரும், மற்றப் பக்கத்தைக் கடல் தின்னும். இது கரையோரப் பொறியியலில் பழைய சங்கதி. அங்கே வடக்குக் கரை அரித்துத் தென்னைகள் விழுந்தன, துறைமுக வாயில் மணல் அடைத்துப் படகு போக வழியில்லாமல் போனது. தொழினுட்பப் பிரிவில் படிக்கும் என் பேத்தியைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். "இது தெரியாமலா கட்டினவங்க?" என்று கேட்டாள். தெரியாமல் இருந்திருக்காது. தெரிந்தவர் யாரிடம் சொன்னார், யார் கேட்கவில்லை, வாடைக் காற்றுக்கும் கச்சான் காற்றுக்கும் கடல் எப்படித் திரும்பும் என்று அறிந்த கரைவலைக்காரரை ஒருத்தராவது விசாரித்தாரா என்பதெல்லாம் அவளுடைய எந்தப் புத்தகத்திலும் இல்லை.

அதற்காகப் புதிய பாடம் ஒன்று வேண்டாம், இருக்கிற பையே முதுகை முறிக்கிறது. பாடசாலையே புள்ளி போடும் பாடசாலை மட்டக் கணிப்பீடு என்று ஒன்று ஏற்கெனவே இருக்கிறது, அதையும் பழைய வினாத்தாளில் இருந்து கொப்பியடித்து நிரப்புகிறோம். அதில் ஒன்றையாவது ஊருக்குள் போய்க் கேட்டு எழுதட்டும். உதாரணத்துக்கு, நெல் வெட்டு மெசினை எடுங்கள். ஒரு கிழமை அறுவடை ஒரு பகலில் முடிகிறது, மழைக்கு முன்னே நெல் வீடு வந்து சேர்கிறது. கதிர் பொறுக்கிச் சோற்றுக்கு நெல் சேர்த்த பெண்களின் பிழைப்பும் அதோடு போனது. மெசின்காரனையும் கேட்கட்டும், அந்தப் பெண்களையும் கேட்கட்டும். இதற்குப் புள்ளித்திட்டத்தில் ஒற்றை விடை போட முடியாது, அதனால்தான் ஆசிரியர்கள் பயப்படுகிறோம். அரசியல் பேசுகிறான் என்று யாராவது அதிபரிடம் சொல்லிவிடுவார்களோ என்ற பயம் அதற்கு மேல். வலயக் கல்வி அலுவலகத்தில் இருந்து, இப்படியும் கணிப்பீடு செய்யலாம் என்று ஒரு சுற்றறிக்கை வந்தால் பாதிப் பயம் போய்விடும்.

அந்தப் பையனைப் போன மாதம் கல்முனைச் சந்தையில் கண்டேன். இப்போது வயல் செய்கிறான். அந்த 23 கிலோக் கணக்கை ஒருவழியாக அவனிடம் சொன்னேன். "அப்பாவுக்கு அப்பவே தெரியும் சேர்," என்றான். "அவர்ட்ட ஒருத்தரும் கேக்கல்ல."

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்,
பாண்டிருப்பு.