கணக்கு சாரின் கடைசி மாணவருக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள எல்லோருக்கும்,

தாத்தாவைப் பற்றிய செய்தி உங்கள் எல்லோருக்கும் வந்து சேர்ந்திருக்கும். என்ன ஆயிற்று, எப்படி ஆயிற்று என்று மறுபடி எழுத எனக்கு இப்போது தெம்பில்லை. கூடவே இருந்தவர்கள் நீங்கள், உங்களுக்குத் தெரியாததா? நன்றியை மட்டும் சொல்லிவிடுகிறேன். தள்ளிப்போட்டால் வார்த்தை வராமல் போய்விடும்.

ரத்தம் வேண்டும் என்றதும் அகால நேரத்தில் வந்து வரிசையில் நின்றவர்கள், கேட்ட கேள்வியையே நாங்கள் திரும்பத் திரும்பக் கேட்டும் சலிக்காமல் பதில் சொன்ன மருத்துவர்கள், அவரைப் புரட்டிப் படுக்க வைக்கும்போது ஒவ்வொரு தடவையும் ‘சார், கொஞ்சம் வலிக்கும்’ என்று முன்கூட்டியே சொன்ன செவிலியர்கள், வீட்டையும் குழந்தைகளையும் பார்த்துக்கொண்ட அக்கம்பக்கத்தார், எங்கெங்கிருந்தோ வந்த பழைய மாணவர்கள், எல்லோருக்கும் நன்றி. மாணவர்களில் ஒருவர் தலை முழுக்க நரைத்தவர். வார்டு வாசலில் நின்று ‘உள்ளே வரலாமா சார்?’ என்று கேட்டார். தாத்தா தலையசைத்த பிறகுதான் காலெடுத்து வைத்தார். உங்கள் ஒவ்வொருவரையும் தனித்தனியாகச் சொல்லாததற்கு வருத்தப்பட மாட்டீர்கள் என்று நம்புகிறேன். ஏனென்றால் மீதி இடம் முழுவதும் ஒரே ஒருவருக்குத்தான்.

பக்கத்துக் கட்டில் பெரியவருக்குத் துணையாக இருந்த அண்ணா, இது உங்களுக்கு.

உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. ‘அண்ணா, கொஞ்சம் பாத்துக்கோங்க’ என்று சொல்லிவிட்டு மருந்து வாங்க ஓடுவேன், ‘போயிட்டு வாம்மா’ என்பீர்கள். நமக்குள் இருந்த பேச்சு அவ்வளவுதான். அன்று மருத்துவர் அறையிலிருந்து நான் திரும்பி வந்தபோது தாத்தாவின் ஸ்கோர் புத்தகம் உங்கள் மடியில் இருந்தது, பேனா உங்கள் கையில்.

அந்தப் புத்தகத்தைப் பற்றி மற்றவர்களுக்கும் சொல்ல வேண்டும். தாத்தா கணக்கு ஆசிரியர். ஆனால் எந்த விளையாட்டையும் விட்டுவைக்காதவர். 1975இல் ஹாக்கி உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் இந்தியா பாகிஸ்தானை 2-1 என்று வென்றதை வானொலியில் கேட்டதை நேற்று நடந்ததுபோல் சொல்வார். தசமப் புள்ளி பாடம் நடத்த அவருக்குப் பி.டி. உஷாதான். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டம். மூன்றாவதாக வந்தவர் 55.41 வினாடி, உஷா 55.42. “நூறில் ஒரு பங்கு வினாடியில் அந்தப் பொண்ணு எவ்வளவு தூரம் ஓடியிருக்கும்? வகுத்துப் பார்” என்பார். வகுத்தால் ஏறக்குறைய ஏழு சென்டிமீட்டர் வரும். பிறகு நம் சுட்டுவிரலைப் பிடித்து நிமிர்த்தி, “இவ்வளவுதான்” என்று காட்டுவார். அவரிடம் படித்த யாருக்கும் இரண்டாம் தசம இடம் மறந்திருக்காது.

ஸ்கோர் எழுதுவதும் அவருக்குக் கணக்கோடு சேர்ந்ததுதான். 1983 உலகக் கோப்பையில் ஜிம்பாப்வேக்கு எதிராக 17 ரன்னுக்கு 5 விக்கெட் போன பிறகு கபில்தேவ் ஆட்டமிழக்காமல் 175 அடித்தாரே, அந்த ஆட்டத்துக்குத் தொலைக்காட்சிப் பதிவே கிடையாது. “பார்க்காதவனுக்கு அந்த ஆட்டம் எங்கே இருக்கு? ஸ்கோர் தாளில் இருக்கு” என்பார். வீட்டில் எல்லோரும் கத்திக்கொண்டு ஆட்டம் பார்க்க, இவர் மட்டும் குனிந்து பந்துக்குப் பந்து புள்ளி வைத்துக்கொண்டிருப்பார். ஓவரில் ஒரு ரன்னும் போகவில்லையென்றால் ஆறு புள்ளிகளையும் கோடு போட்டு இணைத்து ஆங்கில எழுத்து ‘எம்’ ஆக்குவார், அது மெய்டன். கடைசியில் கூட்டல். மட்டையடித்தவர்களின் ரன்னும் உதிரி ரன்னும் சேர்ந்தால் அணியின் மொத்தம் வர வேண்டும். பந்து வீசியவர்கள் கொடுத்த ரன்னோடு ‘பை’, ‘லெக் பை’ ரன்களையும் (மட்டையில் படாத பந்தில் ஓடி எடுப்பவை, வீசியவர் கணக்கில் சேராது) கூட்டினாலும் அதே எண் வர வேண்டும். இரண்டும் ஒத்துப்போகும்வரை தூங்கப் போக மாட்டார். (பாட்டி இருந்தவரை இதற்காக நிறைய திட்டு வாங்கியிருக்கிறார்.)

கண் மங்கிய பிறகு நான்தான் எழுதுவேன், அவர் வர்ணனையைக் கேட்டுக்கொண்டிருப்பார். ஆஸ்பத்திரிக்கும் புத்தகத்தைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார். ஆனால் அங்கே போனபின் எனக்கு உட்கார எங்கே நேரம்? ஏதோ ஒரு டெஸ்ட் ஆட்டம் செல்போனில் ஓடிக்கொண்டிருக்கும், பக்கம் பாதியில் நிற்கும்.

நீங்கள் என்ன கேட்டீர்கள் என்பதைத் தாத்தாவே அன்று ராத்திரி எனக்குச் சொன்னார். “எனக்குக் கபடிதான் ஐயா தெரியும். கிரிக்கெட் பார்ப்பேன், ஆனா இந்தக் கட்டமெல்லாம் புரியாது. எப்படிப் போடணும்?” என்று கேட்டீர்களாம். அவர் உடனே சொல்லிக் கொடுக்கவில்லையாம். “கபடியில போனஸ் எப்போ செல்லும்?” என்று முதலில் உங்களைச் சோதித்திருக்கிறார். களத்தில் எதிரணியில் ஆறு பேராவது இருந்தால்தான் செல்லும் என்று நீங்கள் சரியாகச் சொன்ன பிறகுதான், “அப்போ இதுவும் உனக்கு வரும், உட்காரு” என்றாராம்.

அதற்கப்புறம் நடந்ததை நானே பார்த்தேன். உங்கள் அப்பா தூங்கும் நேரமெல்லாம் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தாத்தா பக்கம் வந்துவிடுவீர்கள். ஒரு நாள், அன்றைய ஆட்டம் முடிந்து நீங்கள் கூட்டிச் சொன்னபோது பந்துவீச்சுப் பக்கம் நான்கு ரன் கூடியது. புத்தகத்தைப் பார்க்காமலேயே கண்டுபிடித்துவிட்டார். “டேய், லெக் பையைப் பந்து வீசினவன் கணக்குல ஏத்திட்ட. அவன் என்ன பாவம் பண்ணினான்? எடு அதை.” நீங்கள் “சாரி சார்” என்றீர்கள். அதுவரை ஐயா என்று கூப்பிட்டவர், அன்றுமுதல் சார்.

அந்த ‘டேய்’யைக் கேட்டு எவ்வளவு காலமாகியிருந்தது தெரியுமா? தாத்தா மாணவர்களை மட்டும்தான் அப்படிக் கூப்பிடுவார். வீட்டில் யாரையும், பேரன்களைக்கூட, டேய் என்றதில்லை. படுக்கையில் விழுந்ததிலிருந்து அவரிடம் வந்த கேள்விகள் எல்லாம் ஒரே மாதிரி: வலிக்கிறதா, தூங்கினீர்களா, மாத்திரை போட்டாச்சா. கேட்கத்தான் வேண்டும், வேறு வழியில்லை. ஆனால் தனக்குத் தெரியாத ஒன்றை அவரிடம் வந்து கேட்டது நீங்கள் ஒருவர்தான். அவர் பேசத் திணறியபோது நீங்கள் அவசரப்படுத்தவில்லை, வாக்கியத்தை எடுத்து முடிக்கவும் இல்லை. பாவம் பெரியவர் என்று போலியாகவும் கேட்கவில்லை. நோட்டின் கடைசிப் பக்கத்தில் நீங்கள் தனியாகப் போட்டுப் பார்த்த கூட்டல்கள் இருக்கின்றன, அடித்தல் திருத்தலோடு. நிஜமாகவே கற்றுக்கொண்டிருந்திருக்கிறீர்கள்.

ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆன மனிதரைக் கடைசியில் மறுபடி வகுப்பறையில் உட்கார வைத்தீர்கள். மருந்தும் மாத்திரையும் எங்களால் வாங்கித் தர முடிந்தது. இது முடியவில்லை. உங்கள் அப்பாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று செவிலியர் சொன்னபோது இருந்த நிலையில் உங்களைத் தேடிப் பிடிக்க முடியவில்லை. அவர் நன்றாக இருக்க வேண்டும். இதைப் படிக்கும் யாருக்காவது உங்களைத் தெரிந்திருந்தால் சொல்லட்டும்.

இப்போது லீவு நாட்களில் பிள்ளைகள் மைதானத்தில் ஆடும் ஆட்டங்களுக்கு நான் ஸ்கோர் எழுத ஆரம்பித்திருக்கிறேன். நோ பாலா இல்லையா என்று சண்டை வந்தால் என்னிடம்தான் ஓடி வருகிறார்கள். நடுவரைக் கேளுங்கள், எழுதுபவளைக் கேட்காதீர்கள் என்று அனுப்பிவிடுகிறேன், தாத்தா இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார். எந்தப் பிள்ளையாவது எட்டிப் பார்த்து ‘இது என்ன அக்கா?’ என்று கேட்டால் பேனாவை அவர்களிடம் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன்.

அப்புறம், பழைய மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தாத்தா தன் ஸ்கோர் புத்தகங்களில் பலவற்றைக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டார். உங்களிடம் ஒன்று இருந்தால் திருப்பித் தர வேண்டாம், அது உங்களுடையது. ஏதாவது ஒரு பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். கூட்டல் பகுதியும் படத்தில் விழட்டும்.

நன்றியுடன்,
கணக்கு சாரின் பேத்தி