ஹாலோவீன் வாரம்: வீட்டில் செய்த வேடமும் வீட்டுச் சாப்பாடும்

மதிப்புக்குரிய பெற்றோருக்கும், பிள்ளைகளை வாராவாரம் அழைத்துவரும் அம்மம்மா, அப்பம்மா, தாத்தாமாருக்கும் வணக்கம்.

பிள்ளைகள் வேடமணிந்து வீடுவீடாகச் சென்று இனிப்பு வாங்கும் ஹாலோவீன் நாளான ஒக்டோபர் 31ஆம் திகதிக்கு முன்வரும் சனிக்கிழமை மாலைத் தமிழ் வகுப்புக்கு, விரும்பும் பிள்ளைகள் ஹாலோவீன் வேடமணிந்து வரலாம் என்றும், வகுப்பு முடிந்தபின் எல்லோரும் ஒன்றாக இருந்து இரவுச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பலாம் என்றும் ஆசிரியர் குழு தீர்மானித்திருக்கிறது. வேடம் வீட்டில் செய்ததாகவும் சாப்பாடு வீட்டில் சமைத்ததாகவும் இருக்க வேண்டும் என்பதே எங்கள் ஒரே நிபந்தனை. இந்தக் கொண்டாட்டத்தில் பிள்ளை பங்குகொள்வதை விரும்பாத குடும்பங்களும் நம்மிடையே உண்டு. அந்தப் பிள்ளைகள் வழமையான உடையில் வந்து வகுப்பிலும் விருந்திலும் கலந்துகொள்ளலாம், யாரும் காரணம் கேட்கமாட்டார்கள்.

கடையில் பையோடு விற்கும் வேடத்தை ஒரு பிள்ளை அணிந்து வந்தால், அதைப் பற்றி அது சொல்லக்கூடியது விலை மட்டும்தான். வீட்டில் செய்த வேடத்துக்கோ சொல்வதற்கு ஒரு கதை இருக்கும்: யார் அளந்தது, எது கிழிந்தது, பசை காயுமுன் யார் தொட்டுக் கெடுத்தது, கடைசியில் அப்பம்மா எப்படி ஊசி நூலோடு வந்து காப்பாற்றினார் என்பதெல்லாம். ஒவ்வொரு பிள்ளையும் தன் வேடம் உருவான விதத்தைத் தமிழில் சில வசனங்களில் சொல்ல வேண்டும். அன்றைய பேச்சுப் பயிற்சி அதுவே. ஆகவே வெட்டுவதையும் ஒட்டுவதையும் தயவுசெய்து பிள்ளையிடமே விடுங்கள். கோணலாக வந்தாலும் பரவாயில்லை.

ரொறன்ரோவின் ஒக்டோபர் கடைசியைத் தெரிந்தவர்களுக்கு முதல் சிக்கல் எதுவென்று சொல்லத் தேவையில்லை. எவ்வளவு அழகான வேடமானாலும் அதன்மேல் குளிர்கால ஜக்கெற்றைப் போட்டவுடன் ஒன்றும் தெரியாது. எனவே ஜக்கெற்றை முதலில் அணிவித்து, அதன்மேல் பொருந்துமாறு அளவெடுத்து வேடத்தைச் செய்யுங்கள். இதற்குக் காட்போட் பெட்டியைவிட நல்ல பொருள் கிடையாது. அடியையும் மேலையும் திறந்து, தோளில் மாட்ட இரண்டு துணிப் பட்டிகளை வைத்து, சிவப்பு வர்ணம் பூசி, வெள்ளைக் கடதாசியில் யன்னல்களை ஒட்டினால் நம் நகரத்துப் பேருந்து தயார். அதே மட்டையைக் கபில நிறத்தில் உடம்பைச் சுற்றி வளைத்து, கம்பளித் தொப்பியில் பச்சைக் கடதாசி ஓலைகளைத் தைத்துவிட்டால் ஒரு பனைமரம் நடந்து வரும். முழங்காலுக்குக் கீழே மட்டை இறங்கக் கூடாது. இறங்கினால் பிள்ளை படியேற முடியாது.

பழைய பருத்திச் சேலையை வெட்டித் தைக்க நினைப்பவர்கள் ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். பருத்தி சட்டென்று தீப்பற்றும். வாசல்களில் பூசணிக்காய்க்குள் மெழுகுதிரி எரியும் இரவில், தொங்கும் கைகளும் இழுபடும் ஓரங்களும் ஆபத்தானவை. நைலோன் அல்லது தடித்த பொலியெஸ்டர் துணியைத் தெரிவுசெய்யுமாறும், முகமூடி கண்பார்வையை மறைக்கும் என்பதால் முகத்தில் வர்ணம் பூசுவதே மேல் என்றும் கனடா சுகாதாரத் திணைக்களம் அறிவுறுத்துகிறது. வர்ணத்தை முதல்நாளே கையில் சிறிது பூசிப் பாருங்கள். வேடத்தின் முன்னும் பின்னும் ஒளி தெறிக்கும் பட்டி ஒட்டுவது அவசியம். 31ஆம் திகதி மாலை ஆறு மணி கடந்து சற்று நேரத்திலேயே சூரியன் மறைந்துவிடும்.

எந்த வேடம் வேண்டாம் என்பதிலும் எங்களுக்கு ஒரு கருத்து உண்டு. பேயும் எலும்புக்கூடும் வரட்டும். பிள்ளைகளுக்கு அவை விளையாட்டு. ஆனால் இராணுவச் சீருடை, துப்பாக்கி, இரத்தக் காயம், கட்டுப்போட்ட உடல் ஆகியவற்றை நம் பள்ளி வாசலுக்குக் கொண்டுவர வேண்டாம் என்று அன்போடும் உறுதியோடும் கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைகளை ஏற்றிச்செல்ல வரும் முதியவர்களில் பலர் இவற்றையெல்லாம் வேடமாக அல்லாமல் நேரிலே கண்டவர்கள். அதேபோல இந்நாட்டுப் பூர்வகுடி மக்களின் இறகுக் கிரீடம் முதலானவற்றையும் வேடமாக்க வேண்டாம். ஓர் இனத்தின் மரியாதைக்குரிய அணி பிறருக்கு வேடிக்கைப் பொருளாகக் கூடாது.

சாப்பாட்டுக்கு வருகிறேன். ஹாலோவீன் என்றால் இனிப்பு மட்டும்தான் என்று பிள்ளைகள் நினைப்பதில் வியப்பில்லை, ஆனால் அந்த நாள் வந்த இடத்தில் அதற்கென்று ஒரு வீட்டுச் சாப்பாடு இருந்தது. அயர்லாந்தில் அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் எல்லை நாளான சவின் விழாவிலிருந்தே இந்தக் கொண்டாட்டம் கிளைத்தது என்பார்கள். அங்கே அன்றிரவு உருளைக்கிழங்கையும் கோவாவையும் பாலும் வெண்ணெயும் சேர்த்து மசித்த கொல்கானனும், உள்ளே ஒரு மோதிரத்தை மறைத்துச் சுட்ட பார்ம்பிராக் என்ற உலர்பழ ரொட்டியும் மேசைக்கு வரும். மோதிரம் யாருக்குக் கிடைக்கிறதோ அவருக்கு அடுத்த ஆண்டுக்குள் கல்யாணம் என்பது நம்பிக்கை. முகம் செதுக்கி விளக்கேற்றும் வழக்கமும் அயர்லாந்திலும் ஸ்கொட்லாந்திலும் கிழங்குகளில் தொடங்கி, குடியேறியவர்களோடு வட அமெரிக்காவுக்கு வந்தபின்தான் பூசணிக்காய்க்கு மாறியது. (முகம் வரைந்த பூசணிக்காயைப் புதுவீட்டு வாசலில் கட்டித் தொங்கவிடுவதைத் தமிழ்நாட்டில் பார்த்தவர்களுக்கு இந்த ஊர் வாசல்கள் அவ்வளவு அந்நியமாகத் தோன்றாது.) செதுக்குவதற்கென்று விற்கும் பெரிய பூசணி நீர்ப்பாங்கானது, கறிக்குச் சுவைக்காது, சமையலுக்குச் சிறிய இனிப்புப் பூசணியை வாங்குங்கள். வாசலில் செதுக்கி வைத்ததைச் சமைக்கவே கூடாது.

31ஆம் திகதி மாலையிலும் வீட்டுச் சாப்பாடு என்ற இதே முறையைக் கடைப்பிடிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஐந்து மணிக்கெல்லாம், வேடம் போடுமுன், பிள்ளைக்குச் சூடாகச் சாப்பிடக் கொடுங்கள். வயிறு நிறைந்த பிள்ளை வழியெல்லாம் சொக்லேற்றைப் பிரித்துத் தின்னாது, குளிரையும் தாங்கும். பின்னேர வேலைக்குப் போகும் பெற்றோரின் சிரமம் எனக்குத் தெரியும். பெரிய விருந்து தேவையில்லை. புட்டை அவித்து மூடி வைத்திருந்தால், சொதிக்குப் பதினைந்து நிமிடம் போதும்: வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை, சிறிது வெந்தயம், மஞ்சள் ஆகியவற்றைத் தேங்காயின் இரண்டாம் பாலில் அவியவிட்டு, முதற்பாலை ஊற்றித் துழாவி, நுரை கட்டி வரும்போதே இறக்கி, உப்பிட்டு, சூடு சற்றுத் தணிந்தபின் தேசிக்காய் பிழிய வேண்டும். அடுப்பில் இருக்கும்போதே பிழிந்தால் திரைந்துவிடும். இதை எழுதுவது தாய்மாருக்காக அல்ல, அவர்களுக்குத் தெரியும். அன்று வீட்டில் நிற்கும் தந்தைமாருக்காக.

சனிக்கிழமை விருந்துக்குச் சமைப்போர் ஒவ்வாமை குறித்து மிகவும் கவனமாக இருக்க வேண்டும். ஒன்ராறியோவின் அரச பள்ளிகளில் 2006 முதல் நடைமுறையிலுள்ள சப்ரினா சட்டம், கடும் ஒவ்வாமையுள்ள மாணவர்களைக் காக்கத் திட்டம் வகுப்பதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அத்தகைய பள்ளியொன்றின் கட்டடத்தில் நாம் வகுப்பு நடத்துகிறோம். கச்சானும் கஜுவும் வேண்டாம் என்பது எல்லோருக்கும் தெரியும். கடுகும் எள்ளும்கூடக் கனடாவின் முதன்மை ஒவ்வாமைப் பொருட் பட்டியலில் இருக்கின்றன என்பதுதான் நம் சமையலறையில் மறந்துபோகிறது. தாளிதத்தில் கடுகையும், சமையலில் நல்லெண்ணெயையும் நாம் நினையாமலே சேர்த்துவிடுகிறோம். தேங்காய் அந்தப் பட்டியலில் மரக்கொட்டையாகக் கணக்கிடப்படுவதில்லை. எனினும் அது ஒத்துவராத பிள்ளைகளும் இருக்கக்கூடும் என்பதால் அதையும் எழுதுங்கள். ஒவ்வொரு பாத்திரத்தின்மீதும் சேர்த்த பொருட்கள் அனைத்தையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்ட வேண்டும். ஒடியல் கூழ் கொண்டுவர விரும்புவோர் மீன், இறால், நண்டு சேர்ப்பதால் அதைத் தனி மேசையில், தனி அகப்பையோடு வைக்க வேண்டும்.

இத்துடன் இணைத்திருக்கும் ஒவ்வாமை விபரப் படிவத்தை நிரப்பி, வரும் வகுப்பிலேயே வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். படிவம் வந்து சேராத பிள்ளைக்கு, பெற்றோரில் ஒருவர் உடனிருந்தால் மட்டுமே விருந்தில் உணவு பரிமாற முடியும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்