பாட்டியின் காட்டுப்பாய்: பந்திங் தமிழ்ப்பள்ளிகளுக்கு ஒரு திறந்த மடல்

பந்திங் வட்டாரத் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். அடுத்த வருடக் கல்விச் சுற்றுலாவுக்கு எங்கே போகலாம் என்று கூட்டத்தில் பேச்சு வருவதற்குள் இதை எழுதிவிடுகிறேன். இந்த முறை கோலாலம்பூர் வேண்டாம். பக்கத்திலேயே, கம்போங் பூலாவ் கெம்பாஸுக்குப் போவோம்.

ஓவியர் ஷாக் கோயோக்கின் ஊர் அது. மலேசியாவின் பூர்வகுடிகளான ஒராங் அஸ்லி மக்களில் தெமுவான் இனத்தவர். வீட்டருகே இருந்த காடு அழிக்கப்பட்டதைச் சின்ன வயதிலேயே பார்த்தவர், பிறகு நுண்கலை படித்துவிட்டு அந்தக் காட்டையும் தன் சனங்களின் முகங்களையும் வரைந்துகொண்டிருக்கிறார். துணியில் மட்டுமல்ல, மெங்குவாங் என்ற தாழை இலையில் பின்னிய பாயிலும் வரைகிறார். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

அப்படி ஒரு பாய் ஓவியத்தின் படத்தை முதலில் பார்த்தபோது எனக்கு முகத்தைவிட முகத்துக்கு அடியில் ஓடிய பின்னல்தான் கண்ணில் பட்டது, ஏனென்றால் அதே பின்னலில் ஒரு பாய் எங்கள் வீட்டில் இருக்கிறது. பால்மரக் காலத்தில் டுரியான் பருவம் வந்தால் ஒரு தெமுவான் பெண் பெத்தாய்க் காய்க் கட்டுகளும் பாயும் சுமந்துகொண்டு எங்கள் லயத்துக்கு வருவாளாம், பாட்டி உப்பும் கருவாடும் பழைய கைலியும் கொடுத்து வாங்குவாளாம். காட்டுப்பாய் என்போம். சித்தப்பாவைப் பெற்றபின் பாட்டி படுத்திருந்தது அதில்தான். அவ்வளவு பழகியும் அந்தப் பெண்ணின் பெயரைப் பாட்டி ஒருநாளும் சொன்னதில்லை. 'சக்காய்ச்சி' என்றுதான் சொல்வாள்.

அது அடிமை என்ற பொருள் தொனிக்கும் சொல். நான் படித்த பள்ளியில் அழுக்காக வந்த பையனை ஆசிரியரே "ஏண்டா சக்காய் மாதிரி வர்றே?" என்று கேட்டார், நாங்கள் எல்லாரும் சிரித்தோம், நானும்தான். இந்தியர்களை இழிவாகச் சொல்லும் 'கெலிங்' என்ற சொல்லை யாராவது சொல்லிவிட்டால் நமக்கு எப்படி எரிகிறது! இன்றைக்கும் நம் வீடுகளில் 'சக்காய்' என்ற சொல் புழங்குகிறது, என் காதாலேயே கேட்கிறேன்.

அப்புறம் நிலம். நம் தாத்தாக்கள் கன்று நட்ட தோட்டம் அதற்கு முன் யாருடைய காடு என்று நாம் கேட்டதே இல்லை. துரை வெட்டச் சொன்னான், வெட்டினார்கள்; அவர்கள்மேல் பழி போட எனக்கு மனம் வராது. ஆனால் நீலாய்–பந்திங் நெடுஞ்சாலையில் விமான நிலையத்துக்குப் போகிற நமக்கு அந்தச் சாலையின் கதையாவது தெரிய வேண்டாமா? டெங்கில், புக்கிட் தம்போய் தெமுவான் மக்களின் சுமார் 38 ஏக்கரை அதற்காக எடுத்தார்கள். மரத்துக்கும் பயிருக்கும் வீட்டுக்கும்தான் காசு, மண்ணுக்குக் கிடையாது. அவர்கள் விடவில்லை. அவர்கள் தொடுத்த சாகோங் தாசி வழக்கில் 2002இல் ஷா ஆலம் உயர்நீதிமன்றம் நிலத்துக்கும் இழப்பீடு உண்டு என்றது, 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. தோட்டம் விற்கப்பட்டு லயத்தைக் காலி செய்தபோது நாம் எதைக் கேட்க முடியாமல் நின்றோமோ அதைத்தான் அவர்கள் கேட்டு வாங்கினார்கள். 2021இல் வட கோலலங்காட் காட்டில் 536 ஹெக்டருக்குமேல் வனக் காப்பிலிருந்து நீக்கப்பட்டபோதும் அங்குள்ள தெமுவான் மக்கள் எதிர்த்து நின்றார்கள், கூடவே பலரும் குரல் கொடுத்தார்கள், செப்டம்பரில் மாநில அரசு அதைத் திரும்பப் பெற்றது. நம் பக்கத்திலிருந்து போதிய குரல் வரவில்லை என்பது இன்னும் எனக்கு உறுத்துகிறது.

நான் கேட்பது பெரிய காரியமில்லை. கிராமத்துப் பெரியவர்களிடம் முதலில் அனுமதி கேளுங்கள், வேடிக்கை பார்க்கிற மாதிரி பேருந்தில் போய் இறங்க வேண்டாம். பாய் பின்னச் சொல்லிக்கொடுக்கும் அம்மாக்களுக்குக் கூலியைக் குறைக்காமல் கொடுங்கள். ஓவியரையும் முறையாகச் சம்பளம் கொடுத்து அழையுங்கள். 'சக்காய்' என்ற சொல் இனிப் பள்ளி வளாகத்தில் கூடாது என்று அடுத்த கூட்டத்திலேயே தீர்மானம் போடுங்கள்.

பாட்டியின் பாய் ஓரமெல்லாம் பிய்ந்து பாதிதான் மிஞ்சியிருக்கிறது. சரி, அந்தப் பயணத்துக்கு அதை நான் கொண்டுவருகிறேன். அந்தப் பின்னலை அடையாளம் காணக்கூடிய ஒரு பாட்டி அங்கே இருந்தால், பெத்தாய் சுமந்து வந்தவளின் பெயரை அவரிடம் கேட்கவேண்டும்.

அன்புடன்,
பந்திங்கிலிருந்து ஒரு தோட்டத்துப் பேத்தி