கதிருக்கு: ஒரே ஆபீஸில் மேக்கும் விண்டோஸும்

காட்பாடி

அன்புள்ள கதிர்,

டிசைன் பிரிவின் ஆப்பிள் மேக் கம்ப்யூட்டர் எல்லாம் இனி உன் பொறுப்பு என்று போனில் சொன்னாய். பக்கத்தில் கணக்குப் பிரிவு முழுக்க விண்டோஸ், இரண்டுக்கும் பொதுவாக ஒரு ஃபைல் சர்வர். போனில் அவசரமாகச் சொன்னால் நிற்காது, அதனால்தான் எழுதுகிறேன்.

“சர்வர் தெரியலை” என்று ஒருத்தர் வந்து நின்றால் அதை மூன்று கேள்வியாகப் பிரித்துக்கொள். அந்த மெஷின் எட்டுகிறதா, பெயர் கிடைக்கிறதா, உள்ளே விடுகிறதா. இதே வரிசையில் பார். வரிசை மாறினால் பாஸ்வேர்டு கோளாறுக்குக் கேபிளை மாற்றிக்கொண்டிருப்பாய்.

முதலில் மேக்கின் ஐபி, அதாவது நெட்வொர்க்கில் அதன் முகவரி. அது 169.254 என்று தொடங்கினால் முகவரி ஒதுக்கித் தரும் டிஹெச்சிபி கிடைக்கவில்லை, மேக் தானே ஒரு முகவரியைப் போட்டுக்கொண்டது. கேபிள், சுவிட்ச், ரூட்டர் பக்கம் போ. ஐபி சரியென்றால் சர்வர் பதில் தருகிறதா என்று பிங் அடித்துப் பார்ப்பாய். பதில் வரவில்லை என்று உடனே முடிவு கட்டாதே. விண்டோஸ் ஃபயர்வால் பிங்கைத் தடுத்து வைத்திருப்பது சர்வசாதாரணம். ஃபைல் ஷேரிங் போகிற வாசல் சர்வரின் 445-ஆம் போர்ட், அதைத்தான் தட்டிப் பார்க்க வேண்டும். மேக் டெர்மினலில் என்சி (nc) கட்டளைக்கு மைனஸ் விஇசட் (-vz) சேர்த்து, சர்வரின் ஐபி, இடைவெளி, 445 என்று அடி. ‘மறுக்கப்பட்டது’ என்று உடனே வந்தால் மெஷின் இருக்கிறது, ஷேரிங்தான் ஓடவில்லை. பதிலே இல்லாமல் இழுத்துக்கொண்டிருந்தால் ஃபயர்வால், அல்லது அந்த ஐபியில் ஆளே இல்லை. விண்டோஸில் நெட்வொர்க் ‘பப்ளிக்’ என்று இருந்தால் ஷேரிங் அடைத்துக்கொள்ளும். ‘பிரைவேட்’ ஆக்கு.

போர்ட் திறந்திருந்தால் ஃபைண்டரில் கமாண்ட், கே இரண்டையும் சேர்த்து அழுத்து. எஸ்எம்பி (smb, ஃபைல் பகிரும் நெறிமுறை), முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு, பிறகு பெயர் இல்லாமல் ஐபியையே போடு. ஐபியில் திறந்து பெயரில் திறக்காவிட்டால் கோளாறு, பெயருக்கு ஐபி சொல்லும் டிஎன்எஸ்ஸில். கம்பெனி டொமைனின் (எல்லா மெஷினையும் அக்கவுண்டையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் அமைப்பு) பெயர் ‘லோக்கல்’ என்று முடிகிறதா என்றும் பார்த்துவிடு. அந்த முடிவை மேக், பக்கத்து மெஷின்களைத் தேடும் பான்ஷூர் வசதிக்காக வைத்திருக்கிறது. டிஎன்எஸ் சர்வரைக் கேட்காமல் அக்கம்பக்க மெஷின்களிடம் விசாரித்து நேரத்தைக் கடத்தும்.

அதிகம் தடுக்கி விழுகிற இடம் மூன்றாவது கேள்வி. விண்டோஸில் தினமும் நான்கு இலக்கப் பின் நம்பர் போட்டு நுழைகிறவர்கள் மேக்கிலும் அதையே அடிப்பார்கள். பின் நம்பர் அந்த ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும்தான், நெட்வொர்க்கில் செல்லாது. மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் என்றால் யூசர்நேம் முழு மின்னஞ்சல், பாஸ்வேர்டு அந்த அக்கவுண்டின் பாஸ்வேர்டு. இந்தக் குழப்பமே வேண்டாம் என்றால் அந்த விண்டோஸில் ஷேரிங்குக்கென்று தனி லோக்கல் அக்கவுண்ட் ஒன்று வைத்து, தேவையான ஃபோல்டருக்கு மட்டும் உரிமை கொடு. நான் அதைத்தான் சொல்வேன். உரிமை இரண்டு இடத்தில் இருக்கிறது: ‘ஷேரிங்’ தாவலில் ஒன்று, ‘செக்யூரிட்டி’ தாவலில் ஒன்று. நெட்வொர்க் வழியாக வருகிறவருக்கு இரண்டில் எது கறாரோ அதுதான் செல்லும். ஃபோல்டர் திறக்கிறது, சேமிக்க மட்டும் முடியவில்லை என்றால் அங்கே பார்.

பாஸ்வேர்டு மாற்றிய மறுநாளே ஒருவருடைய அக்கவுண்ட் லாக் ஆனால் பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைக்கும் மேக்கின் கீசெயினைத் திற. பழைய பாஸ்வேர்டு அங்கே பதிந்து கிடக்கும், மேக் சத்தமில்லாமல் அதையே திரும்பத் திரும்ப அனுப்பும். அந்தச் சர்வரின் பதிவை மட்டும் நீக்கினால் போதும்.

விண்டோஸ் 11 புரோ 24ஹெச்2 வந்த பிறகு பாஸ்வேர்டு இல்லாத கெஸ்ட் நுழைவு அடைபட்டுவிட்டது, வரும் தகவல் இடையில் மாற்றப்படவில்லை என்று பார்க்கும் டிஜிட்டல் கையெழுத்துச் சரிபார்ப்பும் கட்டாயம். அப்டேட் ஆன அன்றே பழைய நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் மாட்டிய சேமிப்புப் பெட்டி) மட்டும் திறக்காமல் போனால் காரணம் இதுதான். எஸ்எம்பியின் பழைய பதிப்பான எஸ்எம்பி 1-ஐத் திரும்ப இயக்கச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். செய்யாதே. 2017-இல் வானாக்ரை வைரஸ் பரவியது அந்தப் பழைய நெறிமுறையின் ஓட்டை வழியாகத்தான். நாஸின் மென்பொருளைப் புதுப்பி, முடியாவிட்டால் பெட்டியை மாற்றச் சொல்லி எழுதிக் கொடு.

டொமைனில் சேர்த்த மேக் திடீரென்று யாரையும் ஏற்காவிட்டால் கடிகாரத்தைப் பார். டொமைனில் ஆளை அடையாளம் பார்க்கும் கெர்பரோஸ் வழக்கமாக ஐந்து நிமிட வித்தியாசம்வரை பொறுக்கும், அதற்கு மேல் கதவைச் சாத்திவிடும். மதர்போர்டு பேட்டரி தீர்ந்த சர்வர், கரண்ட் போய் வந்தால் தேதியைத் தொலைத்துவிடும். நம் பக்கம் கோடையில் இது நடக்கக்கூடியதுதான். சர்வரோடு சுவிட்சுக்கும் ரூட்டருக்கும் சேர்த்து யுபிஎஸ் கேள்.

செக்கோயாவில், அதாவது மேக் ஓஎஸ் 15-இல், வைஃபைக்குத் தனி முகவரி வசதி வந்திருக்கிறது. ரூட்டரில் நீ வைஃபை கருவியின் வன்பொருள் முகவரி (MAC, ஆப்பிள் மேக் அல்ல) பார்த்து ஐபி ஒதுக்கியிருந்தால் அது பொருந்தாமல் போகும். ஆபீஸ் வைஃபைக்கு மட்டும் அதை அணைத்து வை.

இனி ஃபைல் பெயர். “தோல் மாதிரி” என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது என்று வை. அதில் ‘தோ’ என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், முன்னால் ஏகாரக் கொம்பு, பின்னால் கால் என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். மேக்கின் பழைய ஹெச்எஃப்எஸ் பிளஸ் முறையில் ஃபார்மேட் செய்த டிஸ்க்குகள் இரண்டாகப் பிரித்தே பதியும். அங்கே கட்டிய ஜிப்பை விண்டோஸில் பிரித்தால், நீ கீபோர்டில் அடித்துத் தேடும் பெயர் அகப்படாமல் போகலாம், ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டர்கூட உட்கார்ந்திருக்கும். பொதுச் சர்வரில் பெயர்களை ஆங்கில எழுத்தும் எண்ணுமாக வைப்பதே பத்திரம். கேள்விக்குறி, நட்சத்திரம், முக்காற்புள்ளி, சாய்கோடு, கடைசியில் இடைவெளி, இவற்றை விண்டோஸ் ஏற்காது. டிசைன்காரர்களிடம் முதல் வாரமே சொல்லிவிடு.

போட்டோஷாப் ஃபைலைச் சர்வரில் வைத்தபடியே திறந்து வேலை பார்க்க விடாதே. மேக்கில் நகல் எடுத்து, முடித்த பிறகு சர்வரில் போடட்டும். அடோபி சொல்வதும் அதுதான். கையில் கொண்டு போகும் டிஸ்க்கை எக்ஸ்ஃபாட் முறையில் ஃபார்மேட் செய். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையை மேக் படிக்கும், எழுதாது. ஃபாட் 32 என்றால் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது.

பிரிண்டரை விண்டோஸ் வழியாக மேக்குக்கு ஷேர் செய்யாதே. பிரிண்டருக்கே நிலையான ஐபி கொடுத்து நேராகச் சேர்.

நீ உட்கார்ந்ததும் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு மேக்கின் சீரியல் நம்பர், ஓஎஸ் பதிப்பு, ஃபைல்வால்ட் (டிஸ்க்கைப் பூட்டும் மேக் வசதி) மீட்புச் சாவி எல்லாவற்றையும் குறித்து, பூட்டிய இடத்தில் வை. பாஸ்வேர்டை மறந்து மீட்புச் சாவியும் இல்லையென்றால் அந்த டிஸ்க்கை யாராலும் திறக்க முடியாது. வேலையை விட்டுப் போகிறவர் தன் ஆப்பிள் அக்கவுண்டிலிருந்து வெளியேறினாரா என்று பார்த்த பிறகே மெஷினை வாங்கு. இல்லாவிட்டால் மெஷின் அவர் அக்கவுண்டோடு பூட்டிக்கொள்ளும் ஆக்டிவேஷன் லாக்கில் மாட்டிக்கொள்ளும்.

சர்வரில் எந்த விண்டோஸ் ஓடுகிறது, டொமைன் பெயர் எப்படி முடிகிறது என்று பார்த்து இன்று ராத்திரி எனக்கு அனுப்பு. நேரத்துக்குச் சாப்பிடு கண்ணு.

அம்மா