டீச்சர் போட்ட தப்பு சரிதான்

அன்புள்ள மீனா,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய விடைத்தாளைப் பார்த்தேன். ‘உயிருள்ள எல்லா செல்களிலும் காணப்படும் அமைப்புகள் யாவை?’ என்ற கேள்விக்கு நிகில் உட்கரு, மைட்டோகாண்ட்ரியா, செல் சவ்வு என்று எழுதியிருக்கிறான். முதல் இரண்டையும் டீச்சர் அடித்தது சரிதான். திங்கட்கிழமை ஸ்கூலுக்குப் போய் ஒரு பிடி பிடிக்கப்போவதாகச் சொன்னாயே, அந்த வேலையை விட்டுவிடு.

பையனைத் திட்டவும் வேண்டாம். எந்தப் பாடப்புத்தகத்தைத் திறந்தாலும் முதலில் வருவது ஒரு விலங்கு செல் படம், பக்கத்தில் ஒரு தாவர செல் படம். இரண்டிலும் நடுவில் கொழுகொழுவென்று உட்கரு. பாக்டீரியா நாலு பக்கம் தள்ளி ஒரு மூலையில் கிடக்கும். இத்தனை வருடம் பாடம் நடத்தியவன் சொல்கிறேன், அந்த வரிசையையே தலைகீழாக மாற்ற வேண்டும். பூமியில் உயிர் தோன்றி நூறு கோடி ஆண்டுகளுக்கு மேல் உட்கரு உள்ள செல்லே கிடையாது. பாக்டீரியாவும், பார்க்க அதே மாதிரி இருக்கும் ஒற்றைச் செல் நுண்ணுயிர்களான ஆர்க்கியாவும்தான் இருந்தன. இன்றைக்கும் அவற்றுக்கு உட்கரு இல்லை, மைட்டோகாண்ட்ரியா இல்லை. அதற்காக அவை உயிர் இல்லை என்று சொல்லிவிட முடியுமா?

அவன் எழுதியிருக்க வேண்டியது இவ்வளவுதான்: செல் சவ்வு, அதற்குள் கூழ் மாதிரி நிறைந்திருக்கும் சைட்டோபிளாசம், டிஎன்ஏ, ரைபோசோம். செல் சுவர் என்று எழுதியிருந்தாலும் தப்புதான். நம் செல்களுக்குச் சுவர் இல்லை. பாக்டீரியாவிலேயே மைக்கோபிளாஸ்மாவுக்குக் கிடையாது. பெனிசிலின் பாக்டீரியாவைச் சுவர் கட்டவிடாமல் செய்துதான் கொல்லும், அதனால் மைக்கோபிளாஸ்மாவிடம் அதன் பாச்சா பலிக்காது. செல் சவ்வு மட்டும் எல்லாவற்றுக்கும் உண்டு. ஆனால் எல்லாம் ஒரே சரக்கில் செய்ததல்ல, ஆர்க்கியாவின் சவ்வில் உள்ள கொழுப்பின் வேதிப்பிணைப்பே வேறு மாதிரி.

நாலில் எனக்குப் பிடித்தது ரைபோசோம். டிஎன்ஏவில் உள்ள செய்தி ஆர்என்ஏவாகப் படியெடுக்கப்பட்டு இதனிடம் வரும். இது எழுத்துகளை மூன்று மூன்றாகப் படித்து, அதற்கேற்ற அமினோ அமிலங்களைக் கோத்துப் புரதமாக்கும். பாக்டீரியாவில் அதன் அகலம் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்குதான். ஸ்கூல் மைக்ராஸ்கோப்பில் தலைகீழாக நின்றாலும் தெரியாது. 1950களில் ஜார்ஜ் பலாடே எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்த பிறகுதான் இதன் அருமை புரிய ஆரம்பித்தது. நம் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் மூவரும் அதில் அணுக்கள் எது எங்கே இருக்கிறது என்று கண்டறிந்து 2009இல் நோபல் பரிசு வாங்கினார்கள்.

எல்லா செல்லிலும் இது இருப்பதால்தான் அமெரிக்க உயிரியலாளர் கார்ல் வூஸ் இதையே அளவுகோலாக எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு உயிரின் ரைபோசோமிலும் உள்ள ஆர்என்ஏவை ஒப்பிட்டுப் பார்த்து, ஆர்க்கியா என்பது பாக்டீரியாவோடு சேராத தனிக் கிளை என்று 1977இல் சொன்னார். பலர் முதலில் நம்பவில்லை. ஒரே மூதாதையிலிருந்து வந்தாலும், பங்காளிகள் பிரிந்து இத்தனை காலம் ஆனதில் ரைபோசோமிலும் சின்னச் சின்ன வித்தியாசம் வந்துவிட்டது. போன மாதம் நிகிலுக்குத் தொண்டை வலிக்குக் கொடுத்தார்களே அசித்ரோமைசின், அது அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் பிழைக்கிறது. பாக்டீரியாவின் ரைபோசோமில் புரதம் வெளியே வரும் குழாயில் போய் அடைத்துக்கொள்ளும். நம்முடைய ரைபோசோமில் அதே இடம் கொஞ்சம் வேறாக இருப்பதால் அங்கே சரியாக ஒட்டாது.

‘அப்போ ரத்தச் சிவப்பணு?’ என்று அவன் கேட்டதாக எழுதியிருந்தாய். அந்தக் கேள்விக்கு நானாக இருந்தால் போன மார்க்கைத் திருப்பிக் கொடுத்திருப்பேன். முதிர்ந்த மனிதச் சிவப்பணுவில் உட்கரு இல்லை, டிஎன்ஏ இல்லை, ரைபோசோமும் இல்லை. ஆனால் பிறக்கும்போது எல்லாம் இருந்தது. எலும்பு மஜ்ஜையில் வளரும்போது தேவையான ஹீமோகுளோபினில் பெரும்பகுதியைச் செய்துகொண்டு உட்கருவை வெளியே தள்ளிவிடும். மிச்சமிருக்கும் ரைபோசோம்களும் ரத்தத்துக்கு வந்த ஓரிரு நாளில் போய்விடும். அடுப்பை இடித்துவிட்டுக் கட்டுச்சோற்றோடு கிளம்பிய ஆள் மாதிரி, கையில் இருப்பது தீரும்வரைதான் பயணம். புதுப் புரதம் செய்ய வழியில்லாததால் சுமார் 120 நாளில் அதன் கதை முடியும். ஆக, விதிவிலக்கு மாதிரி தெரிந்தாலும், அந்த நாலில் டிஎன்ஏவும் ரைபோசோமும் இல்லாத செல்லுக்கு எத்தனை நாள் ஓடும் என்பதைத்தான் அது காட்டுகிறது.

உனக்கு ரத்தசோகை வந்தபோது எடுத்த லேப் ரிப்போர்ட்டில் ‘ரெட்டிகுலோசைட் கவுண்ட்’ என்று ஒரு வரி இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அந்த மிச்ச ரைபோசோம் ஆர்என்ஏ இன்னும் தீராத இளம் சிவப்பணுக்களின் கணக்கு அது. நீலச் சாயம் போட்டால் உள்ளே வலை மாதிரி தெரியும். மஜ்ஜை ஒழுங்காக வேலை செய்கிறதா என்று டாக்டர் அதை வைத்துத்தான் பார்த்தார். ரிப்போர்ட் இருந்தால் நிகிலிடம் எடுத்துக் காட்டு.

கோழிக்கும் தவளைக்கும் சிவப்பணுவில் உட்கரு உண்டு, நம்மைப் போன்ற பாலூட்டிகளுக்கு ஏன் இல்லை என்று யோசித்து வைக்கச் சொல். ஞாயிற்றுக்கிழமை அவனையே போன் போடச் சொல். நீ நடுவில் வாங்கிப் பேசாதே.

அன்புடன்,
அப்பா